எட்டு நிறம், ஒன்பது பொருள்

செவ்வந்திக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது "அப்புறம்". அவள் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அப்படிப்பட்டவளுக்கு இருட்டுதான் பெரிய துக்கமாக இருக்கும் என்று நாமாக முடிவுகட்டி உச்சுக்கொட்டுவோம். வெளிச்சத்தையே அறியாதவளை இருட்டு என்ன செய்யும்? அவளை வாட்டியதெல்லாம் இந்த "அப்புறம்"தான். "இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்று புத்தகத்தை நீட்டுவாள். "அப்புறம் படிக்கிறேன்டி" என்பாள் தோழி. "அப்புறம் வாம்மா" என்பார் நூலகத்தில் இருப்பவர். பெரும்பாலும் அந்த அப்புறம் வராது. வந்த நாட்களிலும் பாதிப் பக்கத்தில் கொட்டாவிச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் இவளே, "போதுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். எதை வைத்துப் பார்ப்பது?

கொரடாச்சேரியிலிருந்து உள்ளே போகும் மினி பஸ் எந்த ஊரில் போய்த் திரும்புகிறதோ அதுதான் அவள் ஊர். அப்பா வீரையன் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர். அவருடைய அப்பா அதே நிலத்தில் பண்ணையாளாக இருந்து மாண்டுபோனவர். வீரையனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் எழுத்தோடு அவருக்குச் சகவாசம் இல்லை. ஆனால் பெண்ணைத் தஞ்சாவூரில் பார்வையற்றோர் விடுதியில் சேர்த்து, ப்ளஸ் டூ வரை படிக்கவைத்து, திருவாரூரில் பி.ஏ. தமிழும் முடிக்கவைத்தார். அவள் கல்லூரியில் இருந்தபோதே அம்மா போய்விட்டாள். இப்போது செவ்வந்திக்கு முப்பத்திரண்டு வயது, அப்பாவுக்கு அறுபத்து மூன்று. இந்த வயதிலும் வயல் வரப்புக்கு அண்டை வெட்டப் போகிறார், நாற்றுக்கட்டு சுமக்கிறார். இரவெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு கிளார்க் வேலை. அரசாங்கக் குரூப் தேர்வு எழுதி, ஏதாவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, திருவாரூரில் சின்னதாக ஒரு வீடு பிடித்து, அப்பாவைச் சேற்றிலிருந்து கரையேற்றி உட்காரவைக்க வேண்டும். முதல் தடவை எழுதியபோது ஒரே ஒரு கேள்வியில் வேலை கைநழுவிப் போனது. தமிழில் அவளை அசைக்க முடியாது. சறுக்கியதெல்லாம் புவியியலிலும் பொருளாதாரத்திலும். அந்தப் புத்தகங்கள் பிரெய்லில் அவளுக்குக் கிடைக்கவில்லை. படித்துச் சொல்லவும் ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் பேசும் போன் கைக்கு வந்தது. விரலை எங்கே வைத்தாலும் அங்கே இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் போன். உலகமே இலவசமாகத் திறந்து கிடப்பதாக ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகம் இலவசம், வகுப்பு இலவசம், மாதிரித் தேர்வு இலவசம். செவ்வந்தி ஆசை ஆசையாகப் புவியியல் குறிப்பு ஒன்றை இறக்கித் திறந்தாள். போன், "படம்" என்றது. அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். "படம்." நாற்பது பக்கத்துக்கும் அதே சொல். யாரோ ஒரு புண்ணியவான் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து ஏற்றியிருந்தான். கண் இருப்பவர்களுக்கு அது புத்தகம், இவளுக்கு அது நாற்பது தடவை சாத்தப்பட்ட கதவு.

அதற்கும் ஒரு சாவி இருப்பதாக விடுதித் தோழி ஒருத்தி சொன்னாள். போட்டோவில் இருக்கும் எழுத்தைப் பிடுங்கி, போன் படிக்கிற எழுத்தாக மாற்றித் தரும் இலவசச் செயலி. அதைப் போட்டுக்கொண்ட அன்று மத்தியானம் செவ்வந்தி சோறு தின்னவில்லை. ஒரு பாடம் முழுவதையும் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அந்தக் குரல் கொட்டாவி விடவில்லை, அப்புறம் என்று சொல்லவில்லை. இனிமேல் ஒருத்தர் வாசலிலும் போய்ப் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். அந்த முடிவில் எவ்வளவு சந்தோஷம் இருந்ததோ அவ்வளவு வீம்பும் இருந்தது. அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு பேரிடம் கெஞ்சிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வீம்பின் அருமை தெரியும்.

கேட்டதைத் தன் குரலில் பதிவு செய்து தோழிக்கு அனுப்பினாள். தோழி இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பினாள். ஒரு வருஷத்தில் அது அறுநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவாக வளர்ந்தது. அத்தனை பேரும் பார்வை இல்லாதவர்கள், அத்தனை பேரும் அதே தேர்வுக்குப் படிக்கிறவர்கள். நாகப்பட்டினத்தில் இருந்தார்கள், தர்மபுரியில் இருந்தார்கள். தினம் மத்தியானம் இரண்டு மணிக்கு, நடவுக்குப் போன பெண்கள் வீடு திரும்பித் தெரு அடங்கும் நேரத்தில், அவள் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் சொல்லுவாள். எங்காவது ஒரு மாடு கத்தினால் அதுவும் பாடத்தோடு தர்மபுரிக்குப் போகும்.

முத்துப்பேட்டையிலிருந்து நஜ்மா என்று ஒரு பெண் இருந்தாள், இருபத்து நாலு வயது. ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய போனில் படிக்கிறவள். குழுவிலேயே அதிகமாகச் சந்தேகம் கேட்கிறவள் அவள்தான். "அக்கா, நீங்க சொன்னா மண்டையில அப்படியே உக்காந்துடுதுக்கா. பரீட்சையில எனக்கு உங்க குரல்தான் வரப்போவுது" என்று ஒருமுறை சொன்னாள். செவ்வந்தி அன்றைக்கெல்லாம் சிரித்த முகமாக இருந்தாள்.

செயலிக்கு ஒரு கோளாறு உண்டு. கட்டம் போட்ட அட்டவணை என்று வந்தால் அதற்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. இடப்பக்கம் இருப்பதை மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, பிறகு வலப்பக்கத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கும். எதற்கு எது ஜோடி என்று கேட்கிறவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். செவ்வந்தி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். இடப்பக்கச் சொற்களை இடது கை விரல் கணுக்களில் ஒவ்வொன்றாக வைப்பாள், வலப்பக்கத்தை வலது கைக் கணுக்களில் வைப்பாள். பிறகு கணுவுக்குக் கணு சேர்த்துப் பாடம் பண்ணுவாள். பதினோரு அட்டவணைகளை இப்படித்தான் கரைத்துக் குடித்தாள்.

அதில் ஒன்று வேளாண்மைப் புரட்சிகள். எந்த நிறம் சொன்னால் எந்த உற்பத்தி என்ற பட்டியல். பரீட்சைக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த பகுதி. போன் எட்டு நிறங்களைச் சொன்னது: பசுமை, வெண்மை, நீலம், மஞ்சள், தங்கம், சாம்பல், இளஞ்சிவப்பு, வெள்ளி. பிறகு வலப்பக்கத்தைச் சொன்னது. பசுமைக்குத் தானியம், வெண்மைக்குப் பால், நீலத்துக்கு மீன், மஞ்சளுக்கு எண்ணெய் வித்துக்கள். நாலும் பொருந்தியது. ஐந்தாவது கணுவில் தங்கத்துக்குக் கடுகும் சூரியகாந்தியும் வந்தன. சாம்பலுக்குப் பழம், தேன். இளஞ்சிவப்புக்கு உரம். வெள்ளிக்கு வெங்காயம், இறால். கடைசியில் முட்டை ஒன்று ஜோடியில்லாமல் மிஞ்சியது. இடது கையில் எட்டு, வலது கையில் ஒன்பது.

அங்கே அவள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இந்தச் செயலி எதையாவது முழுங்கும் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பக்கத்துக்கு ஒரு சொல்லாவது தின்னாமல் அதற்குப் பொழுது போகாது. முட்டைக்கு உரிய நிறத்தை அது முழுங்கிவிட்டது என்று நினைத்து, முட்டையைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

நீங்களோ நானோ கேட்டிருந்தால், சாம்பல் என்று பழத்துக்குப் பெயரா என்று புருவத்தைத் தூக்கியிருப்போம். அவளுக்கு நிறங்கள் எல்லாம் போகாத ஊர்களின் பெயர் மாதிரி. பால் வெள்ளை, பயிர் பச்சை, கடல் நீலம் என்று மற்றவர்கள் சொல்லிவைத்தது தெரியும். பழம் சாம்பலாக இருக்காது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அடுப்புச் சாம்பலை அப்பா கத்தரிச் செடிக்கு உரமாக அள்ளிப்போடுவதை அவள் அறிவாள். ஆனால் பரீட்சைப் பாடத்தை வீட்டு அடுப்போடு சேர்த்து யோசிக்க நமக்கு எந்தப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது? அன்று மத்தியானமே ராகம் போட்டுப் பதிவு செய்து அறுநூறு பேருக்கும் அனுப்பிவிட்டாள். தங்கம் கடுகு, சாம்பல் பழம், இளஞ்சிவப்பு உரம், வெள்ளி வெங்காயம். மூன்று நாளில் குழுவே அதை ஒப்பித்தது.

ஜூலையில், குறுவை நடவு முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு வந்தது. பார்வை இல்லாதவர்களுக்குக் கேள்வியை வாசித்து, அவர்கள் சொல்லும் விடையைக் குறிக்க ஒருவரைத் தருவார்கள், ஸ்கிரைப் என்று பெயர். செவ்வந்திக்கு வந்தவர் நிதானமாக, திருத்தமாக வாசித்தார். பொருத்துக கேள்விகள் வந்தபோது நாலு விடைகளையும் அவர் வாசித்து முடிக்கும் முன்பே இவள் பதில் சொன்னாள். வெளியே வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவ விடமாட்டேன்ப்பா" என்றாள். வீரையன் அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் தன் பெண் அரசாங்கப் பரீட்சை எழுதிவிட்டு வருவதாகத் தானாகவே ஆரம்பித்து, இறங்கும் வரை பேசிக்கொண்டு வந்தார்.

குழுவில் குரல் செய்திகள் வந்து குவிந்தன. "அக்கா, புரட்சி அப்படியே வந்துச்சுக்கா." "நீங்க இல்லன்னா நாங்க எங்கக்கா போவோம்." ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டாள். அவளுக்கு அப்படி யாரும் நன்றி சொன்னது கிடையாது, எப்போதும் நன்றி சொல்கிற இடத்தில் இருந்தவள்.

பத்து நாள் கழித்து விடைக்குறிப்பு, எல்லாரும் "கீ" என்று சொல்வது, வெளியானது. திறந்தால், போன் "படம்" என்றது. செயலியில் கொடுத்தால் எண்ணும் எழுத்தும் கலந்து கூழாக வந்தது. "அக்கா, நீங்க யார்கிட்டயாச்சும் கேட்டுச் சொல்லுங்க" என்று குழுவில் எல்லாரும் அவளிடமே விட்டார்கள். வேறு வழியில்லாமல் அப்பாவின் மொபெட்டில் ஏறி, கொரடாச்சேரி கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அறிவுமதியிடம் போனாள். அறிவுமதி நல்ல மாதிரி, விண்ணப்பம் போட்டுத் தந்ததும் அவள்தான். விடைகளை வரிசையாக வாசித்தாள். செவ்வந்தி தன் விடைகளை மனதிலிருந்து எடுத்து ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். தமிழ் முழுக்கச் சரியாக வந்தது. புரட்சிக் கேள்வி வந்தது.

"இளஞ்சிவப்புக்கு வெங்காயம்னு போட்டிருக்கு" என்றாள் அறிவுமதி.

"அது தப்புக்கா. உரம்."

"கீயில அப்படித்தான் இருக்கு."

"கீ தப்பா இருந்தா ஆட்சேபம் போடலாம்க்கா. ஏழு நாள் டைம் குடுத்திருக்காங்க. புத்தகத்துல அந்தப் பக்கத்த எடுத்து இணைக்கணும். எடுங்க, இப்பவே போட்டுடலாம்." அவள் குரலில் அப்படி ஒரு நிச்சயம் இருந்தது. அறிவுமதிக்கே கீ தப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது.

பாடப்புத்தகத்தை இறக்கி அந்தப் பக்கத்தைத் திறந்து வாசித்தாள். "தங்கப் புரட்சி, பழம், தேன். சாம்பல் புரட்சி, உரம். இளஞ்சிவப்பு, வெங்காயம், இறால். வெள்ளி..."

"முட்டை" என்றாள் செவ்வந்தி. அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஆமா, முட்டை. தெரிஞ்சுதான் வச்சிருக்க."

"மஞ்சளுக்கு என்னக்கா போட்டிருக்கு?"

"எண்ணெய் வித்துக்கள். அதுக்குக் கீழ வரியில கடுகு, சூரியகாந்தி."

"கீழ வரியிலயா?"

"கட்டம் சின்னது, இடம் பத்தல. ரெண்டு வரியா அடிச்சிருக்காங்க. ஏன், என்ன ஆச்சு?"

செவ்வந்தி மற்ற அட்டவணைகளையும் எடுக்கச் சொன்னாள். பதினொன்றில் நாலு இதே மாதிரி ஒரு வரி நழுவிப் போயிருந்தன. தேர்வில் அவற்றிலிருந்து ஐந்து கேள்விகள். போன தடவை ஒரு கேள்வியில் வேலை போனவளுக்கு ஐந்து கேள்வி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வேலை இனி அவளுக்கு இல்லை. அப்பா அடுத்த வருஷமும் சேற்றில்தான் நிற்பார். ஆனால் அறிவுமதி கடை நாற்காலியில் அவளை உட்காரவிடாமல் அடித்தது அதுவல்ல. அறுநூறு பேர் காதில் இதைப் போட்டது யார்? ராகம் போட்டு, ஒப்பிக்கச் சொல்லி, தப்பு வராமல் திருத்தித் திருத்திப் போட்டது யார்?

"ஏன்டி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா படிச்சுக் காட்டியிருக்க மாட்டனா?" என்றாள் அறிவுமதி. அந்தப் பட்டியலை வாசிக்க அவளுக்கு அரை நிமிஷம் ஆகியிருந்தது. காட்டியிருப்பாள். அல்லது கடையில் கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வா என்றிருப்பாள். இரண்டும் நடக்கக்கூடியதுதான். செவ்வந்திக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது, உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம்.

வெளியே வீரையன் நடவு வேலையைப் பாதியில் விட்டு, சேறு காயாத காலோடு மொபெட்டில் உட்கார்ந்திருந்தார். "ஆச்சாம்மா?" என்றார்.

"ஆச்சுப்பா."

"இந்தத் தடவ கெடச்சிடும்ல?"

வண்டிச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

இரண்டு நாள் குழுவில் அவள் வாய் திறக்கவில்லை. "அக்கா, கீ பாத்தீங்களா?", "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. மூன்று தடவை பதிவு செய்யப் பார்த்தாள். "வணக்கம், செவ்வந்தி பேசுறேன்" வரைக்கும் வந்தது. அதற்குமேல் போகவில்லை, அழித்துவிட்டாள். அறுநூறு பேரும் சேர்ந்து திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பரவாயில்லக்கா என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தாள்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி வாக்கில் நஜ்மா கூப்பிட்டாள்.

"அக்கா, கீ பாத்தீங்களா? எங்க வீட்டுல யாருக்கும் அதத் தொறக்கத் தெரியல. போனு படம் படம்னே சொல்லுது. சரி, அத விடுங்க. நான் உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும், சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"இளஞ்சிவப்புப் புரட்சி வந்துச்சுல்ல? ஸ்கிரைப் மேடம் வாசிச்சு முடிச்சதும் நான் படக்குன்னு வெங்காயம்னு சொல்லிட்டேன். எனக்குப் பத்து வயசு வரைக்கும் கண்ணு தெரியும்க்கா. உம்மா வெங்காயம் உரிக்கிறப்ப பக்கத்துலயே உக்காந்திருப்பேன். மேல்தோல எடுத்தா உள்ள மெல்லுசா ஒரு தோலு இருக்கும்ல, அந்த நெறம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. மத்த நெறமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு, அது மட்டும் போவல. மேடம் பேனாவ வட்டத்துல வைக்கப் போயிட்டாங்க. அப்பத்தான் உங்க குரல் வந்துச்சு. இளஞ்சிவப்பு உரம். இருங்க மேடம், உரம்னு போடுங்கன்னுட்டேன். நல்லவேளக்கா, ஒரு செகண்டுல தப்பாப் போட்டிருப்பேன்."

செவ்வந்தி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா? இருக்கீங்களா?"

"நஜ்மா, நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்." அதற்குப்பின் எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சளுக்குக் கீழே இரண்டு வரியாக அடித்திருந்ததை, தன் வலது கையில் ஒன்பது வந்ததை, முட்டையைத் தானே தூக்கிப்போட்டதை, மற்ற மூன்று அட்டவணைகளை, ஐந்து கேள்விகளை. ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை.

நஜ்மா ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஞாபகம் இருக்கறது சரிதானாக்கா?"

"சரிதான் நஜ்மா. நீ பாத்தது சரிதான். நான்தான் மாத்த வச்சுட்டேன்."

நஜ்மா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவளுடைய உம்மா, "என்னவாம், மார்க்கு நெறையா வந்திருக்காமா?" என்று உள்ளேயிருந்து கேட்பதும், நஜ்மா, "அப்புறம் சொல்றேன் உம்மா" என்பதும் செவ்வந்திக்குத் தெளிவாகக் கேட்டது.